தறிக்குழியில் ஊட்டிய சோறு

எனக்கு எண்பத்தாறு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதலான இரண்டும் சின்ன வயதிலேயே போய்விட்ட என் நாத்தனாரின் பிள்ளைகள். ஆறு பேருக்கும் சோறு போட்டது இந்தக் கைதான். அதை இன்னொருவர் வந்து மெச்ச வேண்டும் என்று நான் காத்திருந்ததில்லை.

முட்டிவலி என்று போன மாதம் என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்கென்றே அங்கே ஒரு சின்னப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பைக் குறைக்கச் சொல்லி அச்சடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டவும் தெரியும், அவ்வளவுதான். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நானும் இந்த வேலதாம்மா பாத்தேன், காஞ்சிபுரத்துல" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்டியா ஆயா? நானும் காலைலேர்ந்து சொல்லிக்கினே இருக்கேன், எல்லாரும் தலைய ஆட்டிட்டுப் போறாங்க. ஒருத்தரும் கேக்கறதில்ல. உங்க காலத்துல கேட்டாங்களா?"

"கேக்கல" என்றேன். "ஒருத்தர் ஒண்டி கேட்டாரு. அவருக்குத் தறிக்குழியிலேர்ந்து தானா எழுந்து வர வேண்டியிருந்துச்சு."

அதை எழுதித் தரச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள். எழுதட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் காலமானார். அதற்கு முன்பே நான் கல்யாணச் சமையல் கோஷ்டியில் இருந்தேன். அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்த கை. ஒரு டாக்டரம்மா சின்னதாக ஆஸ்பத்திரி ஒன்று நடத்திவந்தார். படுத்திருக்கும் நோயாளிகளுக்குப் பத்தியச் சமையல் செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் நான் வைத்த சாம்பாரை அவர் ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டார்.

"அருமையா இருக்குதுங்க" என்றார். "இத்தன எண்ணெய்ல நான் கூட அருமையா வெச்சுப்போடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா கோயமுத்தூர்ப் பக்கம். குரல் உயராது. ஒருவரைக் குத்திக் காட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார். அன்றே திரும்பிப் போயிருப்பேன். வீட்டில் ஆறு வாய் இருந்தது, போகவில்லை. எண்ணெயைச் சரித்து ஊற்றாமல் கரண்டியில் எடுக்கப் பழகினேன். தேங்காய் இல்லாமல் கூட்டு செய்யப் பழகினேன். வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் கொள்ளும் என் கைக்கு வந்தன. ஒரு வருஷம் வரைக்கும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ருசியும் வந்துவிட்டது. அந்த ருசி நானாகத் தேடிக்கொண்டது, யாரும் கற்றுத்தரவில்லை.

டாக்டரம்மாவிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஐம்பது தாண்டிய கனத்த உடம்புக்காரர்கள். பட்டு ஊர் அல்லவா? கடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தது, தறியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டி என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஊசியை எடுக்க மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்: "காலைல கண்ணு முழிச்சதிலிருந்து சொல்லுங்க. வாய்க்குள்ள போனது அத்தனையும். வெத்தல பாக்கையும் சேத்துச் சொல்லோணும்." அவர்கள் முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்'தான் அவருடைய ஊசி. அதற்குப் பிறகுதான் நெய் முறுக்கும் சாயங்கால போண்டாவும் வெளியே வரும்.

அடுத்தது தரை. பாயை விரித்து, "உட்காருங்க. கை ஊனாம எழுந்திரிங்க" என்பார். டாக்டரம்மாவும் நல்ல கனம்தான். சிலர் வெளியே போய், "அந்தம்மாவே அண்டா மாதிரி இருந்துக்கினு நம்பளக் கொற சொல்லுது பாரு" என்று சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "ஏனுங், நானும் உங்ககூட உட்காந்து எழுந்திரிக்கறேன், வாங்க" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்க எழுந்து நிற்பார். எடை எவ்வளவு என்பதை விட, வயதான காலத்தில் தானாக எழுந்து கொல்லைக்குப் போய் வர முடிகிறதா என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அந்தக் கணக்கு முதலிலிருந்தே அவரிடம் இருக்கவில்லை. ஆரம்பத்தில் குறை, குறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நகைக்கடைக்காரர் ஒருவரின் தாயார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று வேளையும் கஞ்சித் தண்ணீர். உடம்பு மளமளவென்று வற்றியது. "இந்த வயசுல இன்னா ஒரு கட்டுப்பாடு!" என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கக் காலில் வலுவில்லை. குரல் கொடுத்தும் யார் காதிலும் விழவில்லை. அதற்கப்புறம் அவர் படுக்கையை விட்டு எழவேயில்லை. சில நாள் கழித்து டாக்டரம்மா சமையலறைக்கு வந்து என் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "வேதாம்மா, இனி எந்தத் தட்டுலயும் பயறு இல்லாம போகக்கூடாதுங்க. காலுல சதை நிக்கோணும். வயித்துலதான் கொறையோணும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் தட்டில் முதலில் காய், அடுத்தது பயறு, கடைசியில்தான் சோறு.

அந்த ஊர் அதைக் கேட்டதா என்றால், கேட்கவில்லை. கோதுமை நல்லது என்று சொன்னால், அதை மருந்தாக எடுத்துக்கொள்வார்கள். வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, மேலே நெய் தடவிய சப்பாத்தி இரண்டை மாத்திரை போலப் போட்டுக்கொள்வார்கள். விரதம் என்று சொல்லிக்கொண்டு கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் சோறு தொடாதவர்கள், பலகாரத்தில் கை வைத்தால் இட்லித் தட்டே காலியாகும். விரத நாள் முடிந்து வந்தால் எடை ஏறியிருக்கும். "சோறே தொடலம்மா, சாமி சத்தியமா" என்பார்கள். சத்தியம் பொய்யில்லை. கோயில் புளியோதரையைக் கேட்கவே வேண்டாம். அது பிரசாதம், உடம்பில் ஒட்டாதாம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஆயுசுக்கும் அலுப்பு வந்தது. வருவார்கள், தலையாட்டுவார்கள், ஒரு மாதம் செய்வார்கள், விட்டுவிடுவார்கள். கொஞ்ச வருஷம் கழித்து அவர்களில் சிலரைப் பக்கவாதத்தோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கும் நான்தான் கஞ்சி வைப்பேன்.

சம்பந்தம் என்பவர் எங்களிடம் வந்தது அறுபதுகளின் நடுவில். பிள்ளையார்பாளையத்து நெசவாளர். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் கல்யாணப் பட்டு என்றால் அவர் கைதான். நீர்க்கடுப்பு என்று வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரம் சரசு வந்து சுவர் ஓரமாக நின்றாள்.

"தண்ணி எவ்வளவுங்க குடிப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"காலைல ஒரு சொம்பு. சாயங்காலம் ஒரு சொம்பு."

"அப்புறம்?"

அவர் தரையைப் பார்த்தார். சரசுதான் சொன்னாள்: "குடிச்சா எழுந்து போவணுமேம்மா."

தறிக்குழியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் ஒரு குழி. நெசவாளர் குழி ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதிப்பார். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் கட்டை வயிற்றை ஒட்டிக் குறுக்கே கிடக்கும். வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, காலை வெளியே எடுக்க வேண்டும். சம்பந்தத்துக்கு அந்த உடம்பு தூக்க முடியாததாகிவிட்டது. வயிறு கட்டையில் இடித்தது. மேலே உத்திரத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதுவும் போதாமல் சரசு ஒரு கையையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள்.

"சம்பந்தம் தேரு எப்ப நெலையிலேர்ந்து பொறப்படுதுன்னு தெருவுல கேக்கறாங்கம்மா" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாத விஷயமும் இருந்தது. ஒருமுறை அப்படி இழுக்கும்போது அவர் கால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவில் மாட்டி, கல்யாணச் சேலையின் இழைகள் கொத்தாக அறுந்து போயின. பட்டு கொடுக்கும் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஆடி வரைக்கும் பாக்கறேன் சம்பந்தம். நீயா எழுந்து வந்தீன்னா பாவு தர்றேன். இல்லன்னா தறிய வேற ஆளுக்கு விட்டுட்டு வீட்ல குந்திக்க" என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒல்லியாவணும்னு இல்லம்மா" என்றார் சம்பந்தம். "குழிலேர்ந்து நானா எழுந்து வரணும். அது ஒண்ணு போதும்."

பாயில் உட்காரச் சொன்னார் டாக்டரம்மா. உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து தூக்கினோம்.

தண்ணீர் குடிக்கச் சொல்லியும், காய், பயறு, சோறு என்று வரிசை சொல்லியும் அனுப்பினோம். மாதங்கள் போயின. நீர்க்கடுப்பு தணிந்தது, எடை அசையவில்லை. டாக்டரம்மா 'அப்புறம்' போட்டுப் பார்த்தார். "அவ்ளோதாம்மா, நாலு வாய்தான் சாப்பிடறேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சம்பந்தம் சொன்னார். எனக்குக் கோபம். இவரும் எல்லாரையும் போலத்தான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் நாடி பார்க்கக் கையைப் பிடித்த டாக்டரம்மா, அந்தக் கையைத் திருப்பி விரல் நகங்களைப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"இப்பதாம்மா. கொழம்பு சோறு."

"கொழம்பு சோறு சாப்பிட்ட கைல நகத்தோரம் கூட மஞ்சளக் காணோமே. யாரு கையாலங்க சாப்பிட்டீங்க?"

அந்தப் பெரிய மனிதர் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மா என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். "போயி உட்காந்து பாருங்க. ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

போய்த் தறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தறியில் வெண்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரசு ஒரு குண்டானில் குழம்பும் சோறும் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து குழி ஓரத்தில் மண்டியிட்டாள். அவர் திரும்பவில்லை. கண் பாவின் மேலேயே இருந்தது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதும் வாயைத் திறந்தார். அவள் ஓர் உருண்டையை வைத்தாள். நாடா திரும்பியது. மென்றார். மறுபடி திறந்தார். கையில் மஞ்சளும் எண்ணெயும் பட்டால் வெண்பட்டு கெடும். கை கழுவ எழுந்து போகவும் முடியாது. அதற்குக் கண்ட வழி இது. அவருடைய தாயார் ஊட்டினாராம், கல்யாணமான பின்பு இவள். குண்டான் வழித்து முடிந்ததும் அவர், "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள் இவள். அதுதான் சாப்பாடு முடிந்ததற்கு அடையாளம். அவர் வயிற்றை யாரும் கேட்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தான் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை அந்த மனிதர் பார்த்ததே இல்லை.

கொல்லைப்பக்கம் வந்து, "எத்தினி வாய் குடுத்த சரசு?" என்று கேட்டேன்.

"யாரு யக்கா எண்ணுவாங்க? குண்டான் காலியானா ஆச்சு. மீந்தா அவருக்குத்தானே பிசைஞ்சது, வேற யாருக்குப் போடறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு எளைச்சா தெருவுல யாரக் கேப்பாங்க சொல்லு? கட்டினவ சோறு போடலன்னு என்னத்தான் கேப்பாங்க."

டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனிமேல் குழிக்குள் சோறு கிடையாது. வெளியே வந்து, இலை போட்டு, கண்ணால் பார்த்து, தன் கையால் சாப்பிட வேண்டும்.

சம்பந்தம் என்னைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். "வெளில வர முடியலன்னுதானேம்மா வைத்தியத்துக்கே வந்தேன். வைத்தியம் இன்னான்னா, வெளில வந்து சாப்பிடுன்றீங்களே!"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

சரசு சிரிக்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆன நாளா ஊட்டுன கைம்மா" என்றாள். "திடுதிப்புனு வாணாம்னா நான் இந்தக் கைய எங்க வச்சிக்கறது?"

வேலை ஆரம்பித்தது. உட்காரும் மணைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார் டாக்டரம்மா. அது சுலபமானதும் ஒரு மணையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று. காலையும் மாலையும் இது நடந்தது. மத்தியானம் வழக்கம் போல இழுத்து வெளியே கொண்டுவந்து இலை முன்னால் உட்கார வைத்தார்கள். தேர் ஒரு நாளைக்கு ஒரு தரம் கூடுதலாக ஓடியது. தெரு இன்னும் சிரித்தது. முதலில் நான் சமைத்துக் கொண்டுபோனேன். பிறகு சரசுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முழு மனசோடு அவள் கற்றுக்கொள்ளவில்லை.

கொள்ளு வேக வைத்த அன்று அவள் கரண்டியைப் போட்டுவிட்டாள். "குதிரைக்குப் போடறத எம் புருசனுக்குப் போடச் சொல்றியா யக்கா?"

இலை முன்னால் இருந்த சம்பந்தம், "குதிர நின்னுக்கினே தூங்குதுடி. நான் குந்துனா குந்துனபடி இருக்கேன். போடு, போடு" என்றார்.

வயிறு மெல்ல இறங்கியது. கட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடம் வந்தது. எனக்கும் ஒரு பெருமை வந்துகொண்டிருந்த நேரத்தில் பங்குனி உத்திரம் வந்தது. தெருவெல்லாம் பந்தல், நீர்மோர், பானகம், தொன்னை தொன்னையாகச் சர்க்கரைப் பொங்கல். உற்சவம் முடிந்து போய்ப் பார்த்தால் மணைகள் மூலையில் கிடந்தன. அவர் குழிக்குள் இருந்தார். சரசு குழி ஓரத்தில் மண்டியிட்டிருந்தாள். அவள் கையில் உருண்டை.

"சாமி சோறு யக்கா" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

"சாமியா வந்து அவரத் தூக்கி விடப் போவுது?" என்று கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். கனத்த உடம்பு உள்ள வீட்டில்தான் லட்சுமி இருப்பாள் என்றாள், நான் அவள் வீட்டைக் கெடுக்க வந்தவள் என்றாள். அவர் நாடாவை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "விட்டுடுங்கம்மா. என்னால இனிமே ஆவாது" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த அலுப்பு ஒரு நாள் அலுப்பில்லை. அத்தனை வருஷத்து வாய்ப்பேச்சின் அலுப்பு. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவருதானுங்களே எழுந்திரிக்கோணும். நாம வேணும்னு எத்தன சொன்னாலும் ஆகாது" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து அவர்களே வந்தார்கள். சம்பந்தம் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே பாயை விரித்தார். உட்கார்ந்தார். எழுந்திருக்க முயன்றார், பாதியில் சரிந்தார். மறுபடி முயன்றார். முகம் ரத்தமாகச் சிவந்தது. நான் ஓடிப்போனேன். "தொடாத யக்கா" என்று அதட்டியது சரசு. அவள் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. வீட்டில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு குண்டான் அவள் கையில் வரவில்லை.

ஆனி முடியப் போகிற ஒரு மத்தியானம். மழைக்கு முந்திய புழுக்கம். இலை போட்டாயிற்று. நான் பயறு கொண்டுபோயிருந்தேன். குழிக்குள் இருந்தவர், "கயித்த அவுத்துடு" என்றார்.

"இருக்கட்டுமே, பிடிக்கறதுக்கு" என்றாள் சரசு.

"இருந்தா பிடிச்சிடுவேன். அவுத்துடு."

முக்காலி மேல் ஏறி அவளே அவிழ்த்தாள். அவர் நாடாவை ஓரமாக வைத்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கையையும் குழியின் இரு பக்கமும் ஊன்றினார். தோள் நடுங்கியது. உடம்பு ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றது. சரசுவின் வலது கை தானாக அவர் பக்கம் நீண்டது. அவள் அதை இடது கையால் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அவர் ஒரு காலை வெளியே எடுத்தார். பாவைத் தொடாமல், பூனை மாதிரி. அடுத்த காலையும் எடுத்தார். சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

யாரும் கை தட்டவில்லை. அவர் இலை முன்னால் வந்து உட்கார்ந்து காயைத் தின்றார், பயறைத் தின்றார், சோற்றைப் பிசைந்தார். கொஞ்சம் மீதியிருக்கும்போது கையை எடுத்துவிட்டு, "போதும்" என்றார்.

சரசு நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் வாயிலிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அவர் எழுந்து போய் நகம் நகமாகச் சீயக்காய் தேய்த்துக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் குழிக்குப் போனார். அதே இலையில் அவள் உட்கார்ந்தாள். அவர் மிச்சம் வைத்ததை முதலில் சாப்பிட்டுவிட்டுத் தன் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

ஆடி கழிந்து பாவு வந்தது.

அவர் ஒல்லியாகவில்லை. கடைசி வரை கனத்த மனிதர்தான். சர்க்கரையும் முழுக்கப் போய்விடவில்லை, மட்டில் நின்றது. ஆனால் எழுபது வயதைத் தாண்டியும் அந்தக் குழியில் இறங்கினார், ஏறினார், தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தார். நடுவில் எத்தனையோ தீபாவளியில் வழுக்கினார், மறுபடி மணையை அடுக்கினார். எங்களிடம் வந்தவர்களில் இப்படி விடாமல் செய்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் முகமெல்லாம் வரிசையாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவற்றை எண்ணிப் பார்க்க உட்காருவதில்லை.

எழுபதுகளின் பாதியில் டாக்டரம்மா தன் ஊருக்கே திரும்பிப் போனார். ஆஸ்பத்திரியை மூடினார்கள். நானும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, சம்பந்தம் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். விடிந்ததும் தானாக எழுந்து கொல்லைக்குப் போய்விட்டு வந்து, முகம் கழுவி, குழி ஓரத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். தறியில் அரைச் சேலை இருந்தது.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து போட்டார்கள். சரசுவைக் கடைசியில் கூட்டிவந்தார்கள். அவள் மண்டியிட்டாள். குழி ஓரத்தில் மண்டியிடும் அதே மாதிரி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. அரிசியை விரல் நுனியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். கை மறுபடி தட்டுக்குப் போனது. இரண்டாம் தரம் வைத்தாள். மூன்றாம் தரமும் போனது. ஒரு வயதான அம்மாள் அவள் தோளைத் தொட்டு, "ஆச்சும்மா, ஒரு தபா போட்டாப் போதும். எழுந்திரு, நாழியாவுது" என்றாள்.

வருஷக்கணக்காக அந்தக் கையை நிறுத்தச் சொல்லியே அந்த வீட்டுக்கு நடந்தவள் நான்.

"விடுங்க" என்றேன். "அவ போடட்டும்."

அவள் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. அவளாக நிறுத்துகிற வரைக்கும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

அவ்வளவுதான், எழுதிக்கொள். அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு இது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது. கேட்டாள், சொன்னேன்.

கண்ணு, கடைசியா எழுதினத ஒரு தபா படிச்சுக் காட்டு. சரசுன்னு பேரு போட்டியா, இல்ல சம்பந்தம் பொண்டாட்டின்னு எழுதிட்டியா?